எமது கடலின் மீனினப் பன்மையும் சிதைந்துவரும் கடலடித் தரையும்

மீன்வளம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எத்தனை தொன் பிடிபட்டது என்றே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். எத்தனை இனங்கள் பிடிபட்டன என்று கேட்பவர் அரிது. ஆயினும், பாஷையூரிலோ பேசாலையிலோ, கிண்ணியாவிலோ கல்முனையிலோ விடியற்காலையில் கரைசேரும் ஒரு சிறு படகின் மீனைக் கொட்டிப் பார்த்தால், பல இனங்கள் கலந்து கிடப்பதைக் காணலாம். அவை ஒவ்வொன்றின் பெயரையும், அது எந்தத் தரையில் மேயும், எந்தக் காற்றுக்குக் கரையை அணுகும், எந்த வலையில் படும் என்பதையும் அனுபவம் முதிர்ந்த தொழிலாளி ஒருவர் தடையின்றிச் சொல்லிவிடுவார்.

எமது கடலின் செல்வம் மீனின் தொகையில் மட்டுமன்றி அதன் வகையிலும் தங்கியிருக்கின்றது. வகை குன்றத் தொடங்கிய பின்னரும் தொகை சிறிது காலம் குன்றாதது போலத் தோற்றமளிக்கக்கூடும். அந்தத் தோற்றத்தால் ஏமாந்துவிடாதிருக்க வேண்டுமாயின், இத்தனை இனங்கள் எமது கரையோரத்தில் ஏன் வாழ்கின்றன, அவை எவ்வாறு குறைகின்றன என்பவற்றை விளங்கிக்கொள்வது அவசியமாகின்றது.

இலங்கையைச் சூழ்ந்த கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீனினங்கள் வாழ்வதாக அறியப்பட்டுள்ளது. இவற்றைப் பதிவு செய்யும் முயற்சி நீண்ட வரலாறு உடையது. ஜோன் விற்சேர்ச் பெனற் என்னும் ஆங்கிலேயர் 1830 ஆம் ஆண்டளவில் இலங்கைக் கரையோர மீன்களை வண்ணப் படங்களுடன் நூலாக்கினார். அவுஸ்திரேலியரான இயன் மன்ரோ 1955 இல் வெளியிட்ட நூல் இந்நாட்டின் கடல் மீன்களையும் நன்னீர் மீன்களையும் ஒருங்கே விபரித்தது. 'கலாநிதி பிரித்ஜோவ் நான்சன்' என்னும் ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை எமது கடலில் ஆய்வு நடத்தியது. அப்பெயர் தாங்கிய கப்பலொன்று மீண்டும் இங்கு ஆய்வுக்கு வந்தது 2018 இலேயாகும். இடைப்பட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் கடலில் நிகழ்ந்த மாற்றங்களைப் பெரும்பாலும் மீனவரின் கண்களே கண்டன.

நிலம் போன்றதே கடலடியும்

வயல் விளையும் மண்ணும் பனை வளரும் மண்ணும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். கடலடியும் அவ்வாறானதே. சேறு, மணல், புல், பவளப் பாறை எனத் தரை மாறும்போது அங்கு வாழும் மீனும் மாறுகின்றது. சேற்று மீன், பார் மீன் என்று எமது தொழிலாளர் மீன்களைப் பிரித்து வழங்குவதன் பொருள் இதுவே.

வடக்கேயுள்ள பாக்கு விரிகுடா மிகவும் ஆழம் குறைந்த கடலாகும். அதன் பெரும்பகுதியின் ஆழம் பதினைந்து மீற்றரைத் தாண்டாது. ஆகையால் சூரிய ஒளி அடித்தரை வரை சென்று சேர்கின்றது. அவ்வொளியில் செழிப்பது, யாழ்ப்பாணத்துத் தீவகத்தார் சாதாழை என்று வழங்கும் கடற்புல்லாகும். கரையொதுங்கும் சாதாழையைத் தோட்டங்களுக்குப் பசளையாக இட்ட தலைமுறையினர் இன்றும் எம்மிடையே உள்ளனர். இது பூத்துக் காய்த்து விதையிடும் தாவரம். இதன் வேர்கள் கடலடி மணலைப் பிணைத்து நிறுத்துகின்றன. ஓரா இதன் இலைகளையும் அவற்றில் படரும் பாசியையும் மேய்கின்றது. விளைமீனின் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் இதனிடையே ஒளிந்து வளர்கின்றன. ஆணே கருவைச் சுமக்கும் கடற்குதிரை, வாலைப் புல்லிலே சுற்றி நிற்கின்றது. மன்னார்ப் பகுதியினர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு மீனினத்தைச் சார்ந்ததன்றாயினும் இப்புல்லையே உண்டு வாழ்கின்றது. எளியவர் வீட்டு மீனாகக் கருதப்படும் காரல், தன் உணவுக் குழாயைச் சுற்றி ஒளிரும் பற்றீரியாக்களை வளர்த்து, இருளில் மெல்லொளி வீசும் அதிசய உயிராகும்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள மணற்றிட்டுகளைத் தாண்டித் தெற்கே சென்றால் மன்னார் வளைகுடா தொடங்குகின்றது. இங்கு ஆழம் கூடுகின்றது. பாறைத் திட்டுகளான பார்கள் எழுகின்றன. அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளுக்கு அப்பாலுள்ள முத்துச் சிப்பிப் பார்கள் உலகப் புகழ் பெற்றவை. தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாகக் கூடி முத்துக் குளித்த கரை அது. பேராசிரியர் ஹேர்ட்மன் அப்பார்களை ஆராய்ந்து 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்ட அறிக்கை, சிப்பியோடு அவற்றைச் சூழ்ந்த பல்வகை உயிர்களையும் பதிவு செய்தது. பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1925 உடன் முடிவுற்றது. எனினும் கலவாய், கிளிமீன், கிளாத்தி முதலிய பார் மீன்கள் இன்றும் அப்பகுதி வலைகளில் படுகின்றன. கிளிமீன் தன் அலகு போன்ற பற்களால் பவளப் பாறையைச் சுரண்டிப் பாசியை உண்கின்றது. அது கழிக்கும் பவளத் துகளே கடற்கரை மணலில் ஒரு பகுதியாகின்றது.

கிழக்கின் நிலை வேறு. திருகோணமலையில் கரைக்கு மிக அருகிலேயே கடலடி ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழமுள்ள பள்ளத்தாக்காக இறங்குகின்றது. மகாவலி கங்கை மூதூருக்கருகே கொட்டியாரக் குடாவில் கலக்கின்றது. ஆற்று நீர், ஆழ்கடல், புறாத்தீவை ஒட்டிய பவளப் பாறைகள் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் நெருங்கியிருப்பதால், களப்பு மீனும் பார் மீனும் சூரை, அறக்குளா போன்ற ஓடு மீன்களும் ஒரே சந்தையில் குவிகின்றன.

மட்டக்களப்பு வாவியிலோ உவர்நீரும் நன்னீரும் பருவத்துக்கேற்ப மாறி மாறி ஆட்சி செய்கின்றன. மீன்பாடும் தேன்நாடு என்னும் பெயரைத் தந்த அந்த வாவியின் ஒலியைப் பற்றி எமர்சன் ரெனற் 1859 இல் வெளிவந்த தமது நூலில் எழுதியுள்ளார். அவர் கேட்டபோது அவ்வூர் மீனவர், ஊரியே பாடுகின்றது என்று பதில் கூறினராம். மீனா, ஊரியா என்ற வாதம் ஒருபுறமிருக்க, மீன்கள் ஒலியெழுப்புவது அறிவியல் ஏற்றுக்கொண்ட உண்மை. கத்தாளை தன் வயிற்றிலுள்ள காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைத்துக் குரல் கொடுக்கின்றது. அத்தமிழ்ப் பெயர் விஞ்ஞானத்திலும் இடம்பெற்றுவிட்டது. 1969 இல் கத்தாளைக் குடும்பத்தின் ஒரு பேரினத்துக்கு 'கத்தாளா' என்றே பெயரிடப்பட்டது.

யாழ்ப்பாணக் களப்பு, நந்திக்கடல், கொக்கிளாய் முதலான களப்புகளும் அவற்றின் கரையிலுள்ள கண்டற்காடுகளும் இக்கடல்கள் யாவற்றுக்கும் தொட்டில் போன்றவை. மணலை, திரளி, கொடுவா, இறால் என்பன தம் வாழ்வின் ஒரு பகுதியையேனும் இங்கு கழிக்கின்றன. களப்பின் வாய் அடைபட்டாலோ கண்டல் அழிந்தாலோ அதன் விளைவு வெளிக்கடலிலும் தெரியவரும்.

காற்றுக்கொரு மீன், மீனுக்கொரு வலை

வாடைக் காற்றுக் காலத்தில் வடக்கு, கிழக்குக் கடல்கள் கொந்தளிக்கும். சோளகக் காற்று வீசும்போது மன்னார் வளைகுடாவும் மேற்குக் கரையும் கொந்தளிக்க, கிழக்குக் கடல் அமைதியுறும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதித் தொழிலாளர் பருவத்துக்குப் பருவம் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடம்பெயர்ந்து தொழில் செய்தமைக்கு இதுவே காரணமாகும். அவ்விடப்பெயர்வு பல வேளைகளில் முரண்பாடுகளுக்கு வித்திட்டதையும் மறுப்பதற்கில்லை.

காற்று மாறும்போது மீனும் மாறுகின்றது. அதற்கேற்பத் தொழிலாளர் கருவியை மாற்றுகின்றனர். கிழக்கின் கரைவலை நெத்தலிக்கும் சூடைக்கும் பாரைக்கும் ஏற்றது. களப்பில் களங்கண்டியும் சிறகுவலையும் இறாலையும் மணலையையும் காத்திருந்து பிடிக்கின்றன. பாரில் கூடும் தூண்டிலும் கலவாய்க்கும் விளைமீனுக்கும் உரியவை. முரலுக்கு ஒரு வலை, திருக்கைக்கு வேறொரு வலை. பெரிய முதல் இல்லாத ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் அடுப்பெரிக்க இயலுவது, ஓரினம் மறையும் மாதத்தில் வேறோரினம் வந்து சேர்வதாலேயாகும். பல்லின மீன்வளம் என்பது எமது சிறு தொழிலாளருக்குக் கடல் வழங்கிய காப்புறுதி என்றால் அது மிகையாகாது.

எமது உணவும் இதனைச் சார்ந்தே உருவானது. ஒடியற் கூழுக்கு ஒரு வகை மீன் போதாது. திருக்கையும் நண்டும் இறாலும் சிறு மீனும் சேர்ந்தாற்றான் அது கூழாகும். பிள்ளை பெற்ற தாய்க்குப் பாற்சுறாவைத் தேடி வாங்குவதும், கிழக்கு முஸ்லிம் இல்லங்களில் மீனுக்கேற்ப ஆணத்தின் பக்குவம் மாறுவதும், இனம் அறிந்து உண்ட ஒரு சமூகத்தின் அடையாளங்களாகும்.

எல்லா மீனும் ஒரே விதமாகக் குறைவதில்லை

நெத்தலி ஓராண்டுக்குள் முதிர்ந்து முட்டையிடும். அதனைப் பெருமளவு பிடித்தாலும் ஓரளவுக்கு விரைவில் ஈடுசெய்துகொள்ளும். கலவாயின் கதை வேறு. அவ்வினங்களுட் பெரும்பாலானவை முதலில் பெண்ணாக முதிர்ந்து, வளர்ந்து பெரிதான பின்னரே ஆணாக மாறுகின்றன. பெரிய கலவாய்களைத் தேடித் தேடிப் பிடிக்கும்போது கடலில் ஆண் கலவாய்களே அருகிவிடுகின்றன. கொடுவா இதற்கு நேர்மாறானது. ஆணாக முதிர்ந்து பின்னர் பெண்ணாகின்றது. பெரிய கொடுவாவைப் பிடிப்பது முட்டையிடும் தாயைப் பிடிப்பதாகும். சுறாவும் திருக்கையும் முதிர்ச்சியடையப் பல ஆண்டுகள் எடுப்பதுடன், ஈனும் குட்டிகளும் சிலவே.

ஆகவே, ஒரு கடல் அளவுக்கு மீறிச் சுரண்டப்படும்போது முதலில் மறைபவை பெரிதாகவும் மெதுவாகவும் வளரும் இனங்களே. சிறிதாகவும் விரைவாகவும் பெருகுபவை எஞ்சி நிற்கும். சில வேளை, தம்மை உண்ட பெரிய மீன்கள் இல்லாமையால் அவை பெருகவும் கூடும். அப்போது தொன் கணக்கு உயர்ந்ததாகவே காட்டும். உண்மையில் நிகழ்ந்திருப்பது, விலையுயர்ந்த பலவினக் கடல் மலிந்த சிலவினக் கடலாக மாறியமையாகும்.

தரையை வழிக்கும் மடி

இவ்விழப்பை விரைவுபடுத்தும் காரணிகளுள் முதன்மையானது இழுவைமடியாகும். தூண்டிலும் செவுள்வலையும் மீனைப் பிடிக்கின்றன. இழுவைமடியோ மீனோடு அதன் வீட்டையும் பெயர்க்கின்றது. பாரமான பலகைகளும் சங்கிலியும் கடலடியில் இழுபடும்போது சாதாழை வேரோடு பிடுங்கப்படுகின்றது. பவளமும் கடற்பஞ்சும் நொறுங்குகின்றன. கிளம்பும் சேறு ஒளியை மறைக்கின்றது. இறாலை நாடி இழுக்கப்படும் மடியில் இறாலைவிடப் பன்மடங்கு குஞ்சு மீன்கள் சேருகின்றன. அவை கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகின்றன.

தமிழகக் கரையில் இத்தொழில் 1960களிலிருந்து விரிவடைந்தது. கடல் எல்லை 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் வரையப்பட்டது. யுத்த காலத்தில் எமது தொழிலாளர் கடலுக்குச் செல்ல முடியாதவாறு தடைகள் விதிக்கப்பட்டிருந்தபோது, அயற்கரை றோலர்கள் எமது பகுதியில் தாராளமாகத் தொழில் செய்தன. யுத்தம் 2009 இல் முடிவுற்றுக் கடலுக்குத் திரும்பிய வடபகுதித் தொழிலாளர் தம் வலைகள் றோலர்களால் அறுக்கப்படுவதைக் கண்டனர். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சம் புகுந்த மன்னார் முஸ்லிம் மீனவக் குடும்பங்களுள் மீளத் திரும்பியோர், தம் தந்தையர் அறிந்த கடலைப் புதிதாகவே அறிய வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை கடலைவிட்டு அகற்றப்படும்போது அதன் பார்களும் பருவங்களும் பற்றிய அறிவும் கைமாறாமற் போகின்றது.

பாராளுமன்றம் 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இழுவைமடித் தொழிலைத் தடை செய்தது. அதற்கு முன்னர் 2016 நவம்பரில் புதுடில்லியில் கூடிய இரு நாட்டு அமைச்சர்களும் இத்தொழிலை இயன்றளவு விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவதை நோக்கிச் செல்ல உடன்பட்டனர். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கப்படுகின்றது. மீனின் பெருக்கத்துக்கு ஓய்வு வேண்டும் என்பதை அக்கரையும் ஏற்றுக்கொண்டுள்ளமைக்கு இது சான்றாகும். ஆனால் தடைக்காலம் முடிந்ததும் அதே மடி அதே தரையில் இழுபடுமானால் அந்த ஓய்வினால் பயன் யாது? றோலரில் கூலிக்குச் செல்வோரும் வறிய தமிழ் மீனவரே என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் மொழியுறவு, அழியும் கடலடித் தரையை மீண்டும் ஆக்கித் தரமாட்டாது.

அயலவரை மாத்திரம் குறைகூறி நாம் நிரபராதிகளாக முடியாது. எமது கரைகளிலிருந்தும் இழுவைமடிப் படகுகள் புறப்படுகின்றன. வெடி வைத்து மீன் பிடிப்போர் உள்ளனர். 2006 இல் தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை இன்றும் களப்புகளில் விரிக்கப்படுகின்றது. இவற்றோடு கடல் வெப்பமடைதலும் சேர்ந்துகொண்டுள்ளது. 1998 இல் ஏற்பட்ட வெப்பத்தால் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளத் தொடரின் ஆழம் குறைந்த பகுதிகள் வெளிறி மடிந்தன. திருகோணமலைப் பவளங்கள் அப்போது தப்பின. அடுத்தடுத்த வெப்ப அலைகளிலும் அவை தப்பும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. மனிதனால் சிதைக்கப்படாத பாறையே வெப்பத்திலிருந்து மீளும் வாய்ப்பைக் கூடுதலாகக் கொண்டுள்ளது.

வேளா கற்பிக்கும் பாடம்

வாள் போன்று நீண்ட, இருபுறமும் பற்கள் நிரைத்த மூக்கினையுடைய வேளா என்னும் மீன் ஒருகாலத்தில் எமது கடலில் வாழ்ந்தது. சுறாவின் கொம்பை மணலில் நட்டுக் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் வழிபட்டதாகப் பட்டினப்பாலை கூறுகின்றது. அது வேளாவின் மூக்கே எனக் கருதுவோர் உளர். இலங்கையின் கரையோர மீனவரை நேரில் விசாரித்து 2021 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, வேளா இந்நாட்டுக் கடலிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தது. அதனைக் கண்ணாற் கண்டவர்கள் பெரும்பாலும் வயது முதிர்ந்தோரே. அதன் பற்கள் வலையில் இலகுவாகச் சிக்குவதும், அது மெதுவாகப் பெருகுவதும் அதன் அழிவுக்குக் காரணமாயின.

வேளா மறைந்தபோது எந்தப் பத்திரிகையிலும் செய்தி வரவில்லை. எந்தத் திணைக்களமும் அறிக்கை விடவில்லை. ஏனெனில் அது தனிப்பெயரில் எண்ணப்படவே இல்லை. எமது வருடாந்த மீன்பிடிப் புள்ளிவிபரங்களில் கடல் மீன் அனைத்தும் அறக்குளா, பாரை, சூரை, சுறா, திருக்கை, பாறைமீன், கரைவலை வகைகள், ஏனையவை என ஒரு சில தலைப்புகளுக்குள் அடக்கப்படுவது வழக்கம். பாறைமீன் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனையோ வகைக் கலவாயும் விளைமீனும் கிளிமீனும் அடங்கிவிடுகின்றன. அவற்றுள் ஓரினம் அற்றுப்போனாலும் அத்தலைப்பின் தொகை மாறாதிருக்கலாம். பெயரிட்டு எண்ணாத ஒன்று இல்லாமற் போவதை எண்ணிக்கையால் கண்டுகொள்ள முடியாது.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. ஒவ்வொரு இறங்குதுறையிலும் வந்து சேரும் மீனை உள்ளூர்ப் பெயரால் பதியும் பணியைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கலாம். யாழ்ப்பாண, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்கள் அப்பெயர்களை விஞ்ஞானப் பெயர்களோடு பொருத்தலாம். நாரா நிறுவனம் அப்பதிவைத் தன் கணிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். மன்னாரில் ஒரு பெயரும் மட்டக்களப்பில் வேறொரு பெயரும் வழங்குமாயின் இரண்டும் ஏட்டில் ஏற வேண்டும். முதியவர்கள் உயிரோடிருக்கும் இக்காலத்திலேயே அது செய்யப்படல் வேண்டும்.

அத்துடன் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் அயற்படகு, உள்ளூர்ப் படகு என்ற பேதமின்றி நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். சாதாழை நிறைந்த தரைகளும் கண்டற்காடுகளும் களப்பு வாய்களும் தொழிலாளரின் இணக்கத்துடன் பாதுகாக்கப்பட வேண்டும். பாக்கு விரிகுடாவின் ஒரு பகுதியைத் தமிழக அரசு 2022 இல் கடற்பசுப் பாதுகாப்பகமாகப் பிரகடனம் செய்தது. அதே புற்றரை எல்லைக் கோட்டுக்கு இப்பாலும் தொடர்கின்றது. இருகரை மீனவரும் பேசத் தொடங்குவதற்கு வலையும் கைதும் அன்றிப் புல்லும் ஒரு பொருளாகலாம்.

சந்தைக்குச் செல்லும் எமக்கும் இதில் பங்குண்டு. விரலளவுக் குஞ்சுகளை விலை மலிவென்று அள்ளி வருமுன் அவை எந்த மீனின் குஞ்சுகள் என்று கேட்கலாம். கூடையிலுள்ள மீனின் பெயரை விற்பவரிடம் கேட்டு, அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஓராவையும் முரலையும் கண்டு பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளையே, நாளை அவை வராத ஒரு காலைப்பொழுதில் ஏன் வரவில்லை என்று கேட்கும்.